யுத்தத்தின் பின் ஒரு நாட்டைக் கட்டியெழுப்புதல்: அமெரிக்கா கண்ட மூன்று வழிகள்

உள்நாட்டு யுத்தமொன்று முடிந்த மறுநாள் ஒரு நாட்டின் முன் எழும் கேள்விகள் யுத்தத்தைவிட இலகுவானவை அல்ல. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் இன்று முதல் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே ஊரில், ஒரே சந்தையில் வாழ வேண்டும். தோற்றவர்களை மன்னிப்பதா, தண்டிப்பதா? பாதிக்கப்பட்டவர்களுக்கு எதைக் கொடுப்பது? இவற்றையெல்லாம் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு?

இக்கேள்விகளுக்கு ஒரே நாட்டில், 14 ஆண்டுகளுக்குள், ஒன்றோடொன்று முரண்பட்ட மூன்று விடைகள் முயன்று பார்க்கப்பட்டன. அந்த நாடு அமெரிக்கா. காலம் 1863 முதல் 1877 வரை. வரலாற்றாசிரியர்கள் இதனை மீள்கட்டமைப்புக் காலம் என்பர். அரசியல் விஞ்ஞானமும் வரலாறும் கற்கும் மாணவிகளுக்கு இது ஒரு பரீட்சைத் தலைப்பு மட்டுமன்று. நல்லிணக்கம் என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அது யாருக்கும் யாருக்கும் இடையிலான இணக்கம் என்பதை நின்று கேட்க இந்த வரலாறு எமக்குக் கற்றுத்தருகிறது.

யுத்தம் விட்டுச்சென்றவை

அடிமை முறையின் எதிர்காலம் பற்றிய தகராறே யுத்தத்தின் வேர். 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவானதும் தென்மாநிலங்கள் பிரிந்து செல்லத் தொடங்கின. மொத்தம் 11 மாநிலங்கள் தனி அரசொன்றை அமைத்தன. 1861 ஏப்ரலில் தொடங்கிய யுத்தம் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1865 ஏப்ரல் 9ஆம் திகதி தென்பகுதித் தளபதி ரொபர்ட் லீ, வடபகுதித் தளபதி யுலிசிஸ் கிராண்டிடம் சரணடைந்தார். சுமார் 3 கோடி 10 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 6 இலட்சத்துக்கும் அதிகமான போர்வீரர்கள் மாண்டுபோயினர். தென்பகுதியில் நகரங்கள் எரிந்து கிடந்தன. அப்பகுதி அரசின் நாணயம் வெறும் கடதாசியாயிற்று.

இந்த யுத்தத்தில் வடக்கு, தெற்கு என இரண்டு தரப்பினர் இருந்ததாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் மூன்றாவது தரப்பொன்றும் இருந்தது. அவர்களே விடுதலை பெற்ற சுமார் 40 இலட்சம் கறுப்பின மக்கள். அவர்களுள் ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம் பேர் வடபகுதி இராணுவத்தில் சேர்ந்து போராடியவர்கள். கையில் காணியில்லை, பணமில்லை, பெரும்பாலோருக்கு எழுத்தறிவில்லை. அடிமைச் சந்தையில் பிரித்து விற்கப்பட்ட தாயையும் பிள்ளையையும் தேடி அவர்கள் ஊர் ஊராக நடந்தனர். காணாமற்போன உறவுகளைத் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தனர். அத்தகைய விளம்பரங்கள் யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் வெளிவந்துகொண்டிருந்தன.

இப்போது மூன்று வழிகளையும் பார்ப்போம். ஒவ்வொரு வழியிலும் இந்த மூன்றாவது தரப்பினருக்கு என்ன இடம் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலாம் வழி: லிங்கனின் இலகுவான வாசல்

யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1863 டிசெம்பர் 8ஆம் திகதி லிங்கன் தமது திட்டத்தை அறிவித்தார். ஒரு மாநிலத்தில் 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோர் தொகையில் 10 சதவீதத்துக்குச் சமமானோர் அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்து, அடிமை ஒழிப்பையும் ஏற்றுக்கொண்டால் போதும். அவர்கள் புதிய மாநில அரசொன்றை அமைக்கலாம். பிரிவினை அரசின் உயர் பதவியினர் சிலரைத் தவிர ஏனையோருக்கு மன்னிப்பு உண்டு.

10 சதவீதம் மிகக் குறைவான அளவுதான். ஆனால் லிங்கனின் நோக்கம் வேறு. வாசல் இலகுவாகத் திறந்திருந்தால் எதிர்த்தரப்பினர் விரைவில் ஆயுதத்தைக் கீழே வைப்பர். யுத்தம் சீக்கிரம் முடியும் என்று அவர் கணக்கிட்டார். ஆகவே இதனை ஒரு சமாதானத் திட்டம் என்பதைவிட யுத்தகால உபாயம் என்பதே பொருந்தும்.

காங்கிரஸிலிருந்த அவரது கட்சியினர் பலர் இதனை ஏற்கவில்லை. 1864 ஜூலையில் அவர்கள் வேட், டேவிஸ் ஆகிய இருவரின் பெயரால் அறியப்படும் சட்டமூலத்தை நிறைவேற்றினர். 10 சதவீதம் போதாது, வெள்ளையின ஆண்களுள் பெரும்பான்மையினர் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அச்சட்டமூலம். லிங்கன் அதில் கையொப்பமிடாமலேயே அதனைக் காலாவதியாக விட்டார்.

லிங்கனின் திட்டத்தில் கறுப்பின மக்களுக்கு விடுதலை இருந்தது, வாக்குரிமை இருக்கவில்லை. எனினும் அவரது மனம் மாறிக்கொண்டிருந்தது. 1865 ஏப்ரல் 11ஆம் திகதி ஆற்றிய உரையில், கல்வியறிவுள்ள கறுப்பினத்தவருக்கும் இராணுவத்தில் சேவை செய்தவர்களுக்கும் வாக்குரிமை கிடைப்பதைத் தாம் விரும்புவதாகச் சொன்னார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவர்களுள் ஜோன் வில்க்ஸ் பூத் என்ற நடிகனும் ஒருவன். மூன்று நாட்களின் பின் அவன் லிங்கனைச் சுட்டான். மறுநாட் காலை லிங்கன் இறந்தார். அவர் உயிரோடிருந்தால் அவரது திட்டம் எந்தத் திசையில் வளர்ந்திருக்கும் என்பது விடை காணாத கேள்வியாகவே நின்றுவிட்டது.

இரண்டாம் வழி: ஜோன்சனின் அவசர மன்னிப்பு

உப ஜனாதிபதியாயிருந்த அன்ட்ரூ ஜோன்சன் ஜனாதிபதியானார். அவர் தென்மாநிலமான டெனசியைச் சேர்ந்தவர். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பெருந்தோட்ட முதலாளிகளை வெறுத்தவர். அவர் கடுமையாக நடந்துகொள்வார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு.

1865 மே 29ஆம் திகதி அவர் பொதுமன்னிப்பை அறிவித்தார். 20,000 டொலருக்கு மேற்பட்ட சொத்துடையோர் உள்ளிட்ட சில பிரிவினர் மட்டும் தம்மிடம் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார். விண்ணப்பங்கள் குவிந்தன, ஆயிரக்கணக்கானோருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. பிரிவினையைச் செல்லுபடியற்றதாக்குதல், அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தை ஏற்றல், பிரிவினை அரசின் கடன்களைக் கைவிடல் ஆகியவற்றைச் செய்தால் மாநிலங்கள் தமது அலுவல்களைத் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவரது கொள்கை. கறுப்பின மக்களின் எதிர்காலமும் அந்த ‘அலுவல்களுள்’ ஒன்றாயிற்று. அதாவது, அவர்களது நேற்றைய எசமானர்களிடமே அது ஒப்படைக்கப்பட்டது.

விளைவு விரைவாகவே தெரிந்தது. 1865ஆம் ஆண்டின் இறுதியில் மிசிசிப்பியும் தென் கரோலினாவும் கறுப்பினத்தவருக்கெனத் தனியான சட்டங்களை இயற்றின. ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் கறுப்பினத்தவர் தமக்கு வேலையிருப்பதை எழுத்துமூலம் காட்ட வேண்டியிருந்தது. காட்டாதவர் ‘நாடோடி’ எனக் கைதுசெய்யப்படலாம். தண்டப்பணம் கட்ட முடியாவிட்டால், அதைக் கட்டும் வெள்ளையரிடம் கூலியின்றி உழைக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பயிலுநர் என்ற பெயரில் பழைய எசமானரிடமே ஒப்படைக்கவும் சட்டம் இடமளித்தது. அடிமை முறை என்ற பெயர் போயிற்று; அதன் நிழல் போகவில்லை.

1866 ஜனவரியில் ஜோர்ஜியா மாநிலம் பிரிவினை அரசின் உப ஜனாதிபதியாயிருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸையே செனட் சபைக்குத் தெரிவுசெய்தது. அவருக்கும் தென்மாநிலங்களின் ஏனைய உறுப்பினர்களுக்கும் ஆசனம் கொடுக்கக் காங்கிரஸ் மறுத்துவிட்டது.

மன்னிக்கும் உரிமை யாருக்கு?

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

1865 ஜனவரி 12ஆம் திகதி, தளபதி ஷேர்மன் சவானா நகரில் கறுப்பின மதகுருமார் 20 பேரைச் சந்தித்தார். விடுதலை பெற்ற மக்களுக்கு என்ன தேவை என்று கேட்கப்பட்டபோது, அவர்கள் சார்பில் பேசிய கரிசன் பிரேசியர், தமது உழைப்பால் பயிரிட்டு வாழக் காணி வேண்டும் என்றார். நான்கு நாட்களின் பின், கரையோரத்திலும் தீவுகளிலும் கைவிடப்பட்டிருந்த காணிகளைக் குடும்பமொன்றுக்கு 40 ஏக்கர் வரை பகிர்ந்தளிக்கும் கட்டளையை ஷேர்மன் பிறப்பித்தார். சுமார் 40,000 பேர் அங்கு குடியேறி விதைத்தனர்.

ஜோன்சனின் மன்னிப்பு பழைய உரிமையாளர்களுக்கு இந்தக் காணிகளையும் திருப்பிக் கொடுத்தது. 1865 ஒக்டோபரில், தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குச் சென்று அச்செய்தியை அறிவிக்கும் பொறுப்பு தளபதி ஒலிவர் ஹவார்டுக்குக் கிடைத்தது. விடுதலை பெற்றோர் நலனுக்காக அவ்வாண்டு மார்ச்சில் காங்கிரஸ் அமைத்த பணியகத்தின் தலைவர் அவர். யுத்தத்தில் வலக்கையை இழந்தவர். தேவாலயமொன்றில் கூடியிருந்த மக்களிடம், பழைய உரிமையாளர்களை மன்னித்து, அவர்களுடன் இணங்கிப்போகுமாறு அவர் கேட்டுக்கொண்டார்.

தீவு மக்களின் குழுவொன்று அவருக்கு எழுதிய பதில் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் சாரம் இது: தளபதியே, நீங்கள் யுத்தத்தில் இழந்தது ஒரு கையை, ஆகவே உங்களால் மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவர், என் தாயையும் சகோதரியையும் அடித்தவர், அவர் சொல்லும் விலைக்கு அவருடைய நிலத்தில் உழைத்தாலன்றி ஒரு வெற்றுக் குடிசையிலேனும் என்னை இருக்கவிடாதவர், அவரை நான் எப்படி மன்னிப்பது?

இந்தக் கடிதம் மன்னிப்பை எதிர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது கேட்பது வேறொன்று. தீங்கு செய்தவர் இன்னும் அதே அதிகாரத்தோடு நிற்கும்போது, தீங்கு பட்டவரிடம் மட்டும் மன்னிக்கச் சொல்வது நியாயமா? அரசு வழங்கும் பொதுமன்னிப்பு வேறு. பாதிக்கப்பட்டவர் மனதார வழங்கும் மன்னிப்பு வேறு. முன்னையதை ஒரு கையொப்பத்தால் கொடுத்துவிடலாம். பின்னையதை எந்த அரசும் மற்றவர் சார்பில் கொடுக்க முடியாது.

மூன்றாம் வழி: காங்கிரஸின் உரிமைச் சட்டங்கள்

1866ஆம் ஆண்டு மே மாதத்தில் மெம்பிஸிலும் ஜூலையில் நியூ ஓர்லியன்ஸிலும் கறுப்பினத்தவர் கும்பல்களால் கொல்லப்பட்டனர். வடபகுதி மக்கள் அதிர்ந்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் ஜோன்சனின் எதிர்ப்பாளர்கள் காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட பலத்தைப் பெற்றனர். தடியஸ் ஸ்டீவன்ஸ், சார்ள்ஸ் சம்னர் முதலிய தீவிரக் குடியரசுக் கட்சியினரின் குரல் ஓங்கியது.

அவர்களது வாதம் எளிமையானது. தோற்றவர்களிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுக்குமுன், விடுதலை பெற்றவர்களைப் பிரஜைகளாக்க வேண்டும். 1867 மார்ச்சில் நிறைவேறிய சட்டம், டெனசி தவிர்ந்த 10 தென்மாநிலங்களை 5 இராணுவப் பிரிவுகளாக்கியது. கறுப்பின ஆண்களும் வாக்களித்துப் புதிய மாநில அரசியலமைப்புகளை எழுத வேண்டும். 14ஆவது திருத்தத்தை ஏற்க வேண்டும். அதன் பின்னரே காங்கிரஸில் ஆசனம். 1868இல் நடைமுறைக்கு வந்த 14ஆவது திருத்தம், அமெரிக்காவில் பிறந்த அனைவரையும் பிரஜைகளாக ஏற்று, சட்டத்தின் சமபாதுகாப்பை உறுதிசெய்தது. 1870இல் வந்த 15ஆவது திருத்தம், இனம் காரணமாக வாக்குரிமை மறுக்கப்படுவதைத் தடைசெய்தது. இடையில், 1868இல், ஜோன்சன் மீது கொண்டுவரப்பட்ட குற்றப்பிரேரணை செனட் சபையில் ஒரேயொரு வாக்கால் தோற்றது.

மாற்றம் கண்கூடாகத் தெரிந்தது. 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட் சபைக்குச் சென்றார். அச்சபையில் அமர்ந்த முதலாவது கறுப்பினத்தவர் அவரே. இக்காலத்தில் 16 கறுப்பினத்தவர் காங்கிரஸின் இரு சபைகளிலும் உறுப்பினராயினர்.

கல்வியில் நடந்ததே எல்லாவற்றிலும் நிலைத்தது. யுத்தத்துக்கு முன் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றம். 1862இலேயே தென் கரோலினாவின் சென்ட் ஹெலினா தீவில் பென் பாடசாலை தொடங்கியது. பிலடெல்பியாவிலிருந்து வந்த கறுப்பின ஆசிரியை சார்லட் போர்ட்டன் அங்கு கற்பித்தார். பகலில் பிள்ளைகளும் மாலையில் வயல்வேலை முடித்த பெரியோரும் எழுத்துக் கூட்டிப் படித்தனர். புதிய மாநில அரசுகள் தென்பகுதியில் எல்லோருக்குமான பொதுப் பாடசாலை முறையை நிறுவின. ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அதனால் பயன்பெற்றனர்.

இவ்வழிக்கும் குறைகள் இருந்தன. பெருந்தோட்டங்களைப் பிரித்து ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுக்க வேண்டும் என்ற ஸ்டீவன்ஸின் யோசனையைக் காங்கிரஸே ஏற்கவில்லை. வாக்குச்சீட்டைப் பெற்றவர், வயிற்றுப்பாட்டுக்குப் பழைய எசமானரின் வயலிலேயே வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனாளியானார். பெண்களுக்கு, வெள்ளையரானாலும் கறுப்பினத்தவரானாலும், வாக்குரிமை கிடைக்கவில்லை. நாடு முழுவதிலும் பெண்கள் வாக்குரிமை பெற 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. தென்பகுதி வெள்ளையர் பலரோ இராணுவ ஆட்சியை அந்நியரின் திணிப்பாகக் கண்டனர். அந்தக் கசப்பு அரசியல் ஆயுதமாயிற்று.

ஏன் கைவிடப்பட்டது?

கு கிளக்ஸ் கிளான் போன்ற இரகசியக் கும்பல்கள் வாக்காளர்களையும் ஆசிரியர்களையும் தாக்கின, பாடசாலைகளை எரித்தன. ஜனாதிபதி கிராண்ட் 1871இல் கடும் சட்டங்களால் அக்கும்பலை ஒடுக்கினார். ஆனால் 1873இல் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. வடபகுதி மக்கள் தெற்கின் பிரச்சினைகளைக் கேட்டுச் சலித்துப்போயினர். லூசியானாவின் கொல்பாக்ஸில் 1873இல் நடந்த படுகொலை தொடர்பான வழக்கில், தனியாட்கள் செய்யும் வன்முறையை 14ஆவது திருத்தத்தின் கீழ் மத்திய அரசு தண்டிக்க முடியாது என 1876இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலின் முடிவு தகராறுக்குள்ளானது. அந்தச் சர்ச்சை, ஹேய்ஸுக்கு 185 தேர்தல் வாக்குகள், டில்டனுக்கு 184 வாக்குகள் என 1877இல் இணக்கப்பாட்டுடன் தீர்ந்தது. ஹேய்ஸ் ஜனாதிபதியானார், தென்மாநில அரசுகளுக்குப் பாதுகாப்பாக நின்ற இராணுவம் விலக்கப்பட்டது. வடக்கும் தெற்கும் கைகுலுக்கிக்கொண்டன. மூன்றாவது தரப்பை யாரும் கேட்கவில்லை.

இதை முன்கூட்டியே கண்டவர் பிரெடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பிவந்து பெரும் பேச்சாளராக உயர்ந்த அவர், 1875இல் ஒரு கேள்வி எழுப்பினார். வெள்ளையருக்கிடையிலான யுத்தம் எமக்கு விடுதலை தந்ததென்றால், வெள்ளையருக்கிடையிலான சமாதானம் எமக்கு எதைத் தரப்போகிறது என்பதே அக்கேள்வி.

விடை அடுத்த தலைமுறையில் கிடைத்தது. வாக்காளர் வரியும் எழுத்தறிவுப் பரீட்சையும் விதிக்கப்பட்டன. லூசியானாவில் 1896இல் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேலிருந்த கறுப்பின வாக்காளர் தொகை, 1904இல் 1,342 ஆகச் சுருங்கியது. பாடசாலை, புகையிரதம், வைத்தியசாலை எங்கும் இனவாரியான பிரிவினை சட்டமாயிற்று. 1913 ஜூலையில், கெட்டிஸ்பேர்க் போர்க்களத்தின் 50ஆவது ஆண்டு நினைவில், 50,000க்கும் மேற்பட்ட முதிய போர்வீரர்கள் கூடினர். அன்று எதிரெதிரே நின்று சுட்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டனர். அது உண்மையிலேயே நெகிழ்ச்சியான காட்சி. ஆனால் அந்த யுத்தத்தின் காரணமாயிருந்த அடிமை முறையும் அதிலிருந்து மீண்ட மக்களும் அந்நாளின் உரைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

எனினும், எழுதப்பட்ட சட்டம் வீண்போகவில்லை. 1954இல் பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு 14ஆவது திருத்தத்தின் மீதே எழுந்தது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் 15ஆவது திருத்தத்துக்கு உயிர் கொடுத்தது. கைவிடப்பட்ட பணி 75 ஆண்டுகளுக்கும் மேலான காலம் கழித்து மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பிறந்து வாழ்ந்து இறந்தவர்களுக்கு மட்டும் அது காலம் கடந்த நீதி.

தொகுத்து நோக்குமிடத்து

லிங்கனின் வழி யுத்தத்தை முடிப்பதை முதன்மையாகக் கொண்டது. ஜோன்சனின் வழி பழைய ஒழுங்கை விரைவில் மீட்பதை விரும்பியது. காங்கிரஸின் வழி புதிய பிரஜைகளை உருவாக்க முயன்றது. மூன்றுமே நாட்டை ஒன்றிணைக்கவே முனைந்தன. வேறுபாடு, அந்த ‘நாடு’ என்ற சொல்லுக்குள் யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதில்தான் இருந்தது.

விரைவான சமாதானம் கவர்ச்சியானது. களைத்துப்போன மக்கள் அதை நாடுவது இயல்பு. ஆனால் பலமுள்ள இரு தரப்பினர் மட்டும் பேசி முடிக்கும் சமாதானம், பலமில்லாத மூன்றாம் தரப்பினரின் தலைமீது எழுதப்படும் உடன்படிக்கையாகிவிடலாம். சட்டம் உரிமை தரும். அந்த உரிமை நிலைக்கக் காணியும் கல்வியும் பாதுகாப்பும், நீண்ட காலம் சலிக்காத மனமும் வேண்டும். யுத்தமொன்றின் பின்னரான நாட்டில் வளரும் எமக்கு இப்பாடம் தொலைவிலுள்ளதன்று.

வகுப்பிலும் வீட்டிலும் கலந்துரையாட

1. அரசு வழங்கும் பொதுமன்னிப்புக்கும் பாதிக்கப்பட்டவர் வழங்கும் மன்னிப்புக்கும் இடையிலான வேறுபாட்டை எடிஸ்டோ தீவுக் கடிதத்தைக் கொண்டு விளக்குக.

2. காணிப் பகிர்வு நடந்திருந்தால் காங்கிரஸின் வழி நிலைத்திருக்குமா? காரணங்களுடன் வாதிடுக.

3. கைகுலுக்கும் இருவரை ஒரு படத்தில் காணும்போது, அப்படத்தில் இல்லாதவர் யார் என்று கேட்பது ஏன் அவசியம்? உங்கள் பெற்றோருடனும் பாட்டன் பாட்டியுடனும் பேசி, அவர்கள் சொல்வதை எழுதி வாருங்கள்.